பரண் கை

லீக் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், இருபத்திரண்டு பேருக்குப் புளிச்சோறு என்றுதான் சொல்வேன். அம்பயர் ரெண்டு பேர், வண்டிக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்து பசிக்கிறது என்று நிற்பவர்கள் எல்லாம் தனிக் கணக்கு. ரேஷன் காலம் வேறு. அதனால் என் வீட்டுக்காரர் ஒரு சட்டம் போட்டிருந்தார். ஆட வருகிறவன் ஒவ்வொருவனும் ஒரு பிடி அரிசி துணியில் முடிந்து கொண்டுவர வேண்டும். அரிசி இல்லாதவனுக்கு மட்டை கிடையாது. அரியலூர், பெரம்பலூர், குரும்பலூர், மீன்சுருட்டி என்று நாலு ஊர் அணிகள். ரெண்டு ஊர் அரிசி ஒரே அண்டாவில் வெந்தால் ஒன்று குழையும், ஒன்று விறைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பற்றி செக்ரட்டரி சார் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

செக்ரட்டரி சார் என்றால் என் வீட்டுக்காரர்தான். பெயர் கொளஞ்சியப்பன். ரயிலடிக்குப் பக்கத்தில் கடலை மண்டியின் பின்னறை அவருடைய ஆபீஸ். ஒரு மேஜை, ஒரு தகரப் பெட்டி, சுவரில் ஆட்டத் தேதிகள் எழுதிய ஒரு அட்டை. காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு போய் உட்காருவார். பெரம்பலூருக்கு ஒரு கடிதம், மீன்சுருட்டிக்கு ஒரு கடிதம், கிரிக்கெட் பந்து கேட்டுத் திருச்சிக்கு ஒரு கடிதம். இந்த வெயிலில் கோட்டு எதற்கு என்று கேட்டால், "ஆபீஸுன்னா ஆபீஸ் மாதிரி இருக்கணும் புள்ள" என்பார். எழுதுகிறவரும் அவரே, தபாலில் போட்டுவிட்டு வருகிறவரும் அவரே.

அதற்கு முன்னால் அவர் வேறு ஆள். முப்பத்தாறிலிருந்து நாற்பத்து மூன்று வரைக்கும் திருச்சியில் ஒரு கிளப்புக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்து போட்டார். பந்து போடுகிறதுக்கு ஒருவன் சம்பளம் கொடுப்பானா என்று எங்கள் அப்பா பெண் கொடுக்கவே தயங்கினார். மதுரை அணி ஒன்று வந்தபோது ஒரே நாளில் எட்டுப் பேரை அவுட் ஆக்கினார் என்று பேப்பரில் பேர் வந்தது. அதோடு எக்ஸ்பிரஸ் கொளஞ்சி என்று ஆகிவிட்டார். பிறகு கை போயிற்று. ஒரு நாள் காலையில் எழுந்தவருக்குத் துண்டை உதறக்கூட முடியவில்லை. நிலத்தைத் தம்பிகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. அரியலூர்க் கடைத்தெருவில் அவர் நடந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்பான். அவருக்கென்று மிச்சம் இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

அந்தக் கை பழகிய இடம் சோளக்கொல்லை. எங்கள் பக்கத்தில் கதிர் பால் பிடித்ததும் கொல்லை நடுவில் நாலு கம்பு நட்டு உயரமாகப் பரண் கட்டுவார்கள். அதன்மேல் நின்று மண்ணாங்கட்டி எறிந்து கிளியையும் குருவியையும் விரட்ட வேண்டும். பரண்மேல் ஓட இடம் கிடையாது. கையை நீட்டிச் சுற்றினால் ஆள் கீழே விழுவான். முழங்கையை மடக்கிக் காதுப் பக்கம் கொண்டுபோய், வெடுக்கென்று நீட்டி விடவேண்டும். உடையார்பாளையத்திலிருந்து மீன்சுருட்டி வரைக்கும் ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் அதே கைதான். வேறு விதமாக ஒரு பொருளைக் கையிலிருந்து விடலாம் என்பதே எங்கள் ஜனங்களுக்குத் தெரியாது.

எங்கள் மைதானம் ஏரிக்குள் இருந்தது. மாசியில் தண்ணீர் வற்றி, பங்குனியில் தரை இறுகியதும் நடுவில் தென்னை நார்ப் பாயை விரித்து, நாலு மூலையிலும் ஆணி அடித்து ஆட ஆரம்பிப்பார்கள். சித்திரைக் கடைசிக்குள் எல்லா ஆட்டமும் முடிந்துவிட வேண்டும். ஐப்பசியில் அந்தப் பாய் விரித்த இடத்துக்கு மேலே கெண்டை நீந்தும். மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் குடையோடு கரையில் போய் உட்கார்ந்துகொள்வார். தண்ணீருக்கு நடுவில் கையைக் காட்டி, "அந்தா, அங்கதான் ஸ்டம்பு" என்பார். நானும் பார்ப்பேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் தண்ணீருக்கு அடியில் வெள்ளைச் சட்டைகள் மெதுவாக ஓடுகிற மாதிரி எனக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து விளக்கு ஏற்றின பிறகுதான் தெளியும்.

அந்த வருஷம், நாற்பத்தேழு சித்திரையில், கடைசி ஆட்டம் பெரம்பலூருக்கும் மீன்சுருட்டிக்கும். அதில் நன்றாகப் போடுகிற ஒருவனைத் திருச்சிக் கிளப் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அது மீன்சுருட்டி அங்கமுத்து என்று எல்லாருக்கும் தெரியும். இருபத்து மூணு வயசு, போன தையில் கல்யாணம் ஆனவன். அவன் ஓடிவந்து போட்டால் பந்து கண்ணில் படாது, ஸ்டம்பு விழுகிற சத்தம்தான் கேட்கும். அந்த வருஷம் முழுக்க அவன் பந்து போடுவதை என் வீட்டுக்காரர் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தால் சாப்பிடும்போதுகூட அங்கமுத்து பேச்சுதான்.

கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் பெரம்பலூர் அணிக் கேப்டன் காசிநாதன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வக்கீல் குமாஸ்தா. பெரம்பலூரிலிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்ததில் முகமெல்லாம் கரி. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு ஒரு புகார்க் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"சார், மனசுல வச்சுக்காதீங்க. அங்கமுத்து பந்து போடல, எறியறான். பந்து கையை விட்டுப் போறப்ப முழங்கை மடங்கி நீளக் கூடாது. அப்படி விட்டா நோ பால். புஸ்தகத்துல இருக்கு. அவன் ஒரு பந்துகூட ஒழுங்காப் போட்டதில்லை."

என் வீட்டுக்காரர் காகிதத்தை வாங்கவில்லை. மேஜைமேல் வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். காசிநாதன் போன பிறகு நெடுநேரம் வலது முழங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் போகாமல் மோர்ச் செம்பைக் கழுவப் போய்விட்டேன். ஏனென்றால் எனக்கு ஒன்று தெரியும்.

முப்பத்தெட்டில் திருச்சியில் ஒரு ஆட்டம். பெண்கள் உட்கார ஓரமாகக் கூடாரம் போட்டிருந்தார்கள். கிளப் கிளார்க்கின் மனைவி பொன்னம்மாள் என் பக்கத்தில் இருந்தாள். இவர் ஓடிவந்து போடுகிறார், ஸ்டம்பு பறக்கிறது, எல்லாரும் கை தட்டுகிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது அவள் என் காதில், "உங்க வூட்டுக்காரர் எறியறாருங்க. எங்க வூட்டுக்காரர்தான் சொன்னாரு. ஜெயிக்கிற வரைக்கும் யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க" என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. இவர் கையைப் பார்த்தேன். பரண்மேல் நிற்கிற கைதான் அது. ஒன்பது வருஷம் அதை நான் மனசுக்குள்ளேயே போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்று மத்தியானம் சாப்பிட்டதும் கட்டிலில் படுத்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே அவர் என் பேரைச் சொல்லிப் பேச ஆரம்பித்தார்.

"சுந்தரம், பட்டாளத்து ரயிலு நின்னுச்சே, நெனப்பிருக்கா?"

இருக்காமல் என்ன. நாற்பத்து நாலில், இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க அரியலூர் ஸ்டேஷனில் ஒரு ராணுவ ரயில் நின்றது. அமெரிக்கச் சிப்பாய்கள் இறங்கி, பெரிய தோல் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு பந்து எறிந்து விளையாடினார்கள். ஒரு பந்து உருண்டு இவர் காலடிக்கு வந்தது. கை போன ஆள்தான், ஆனாலும் வலியோடு வலியாக ஒரே ஒரு தடவை திருப்பி எறிந்தார். அதைப் பிடித்த சிப்பாய் உறையைக் கழற்றிக் கையை ஊதிக்கொண்டான். ஓடிவந்து இவர் தோளைத் தட்டி ஏதேதோ சொன்னான். சின்ன ஸ்டேஷன் மாஸ்டர்தான் தமிழில் சொன்னார். இவர் அவன் ஊரில் பிறந்திருந்தால் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார்களாம். அங்கே பேஸ்பால் என்று ஒரு ஆட்டம் இருக்கிறதாம். கை போனவர்கள் சின்ன ஊர்களில் சின்ன லீக்குகளை ஆபீஸ் போட்டு நடத்துவார்களாம். இதைக் கேட்டுவிட்டு வந்துதான் இவர் மண்டியின் பின்னறையைப் பிடித்தார்.

"அவன் இன்னொண்ணும் சொன்னான். ஒங்கிட்ட சொல்லல" என்றார். "எங்க ஆட்டத்துல பந்தை எறியணும், நீ எறியற மாதிரியே எறியணும்னான். எறியறன்னு அவன் சொன்னதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் எங்கடா எறிஞ்சேன், நான் பந்து போடறவன்தானேன்னு நெனச்சேன். அப்புறம் மத்தியானம் தூங்குறப்ப அந்த ஊருக்குப் போயிடுவேன் சுந்தரம். தரையெல்லாம் நாத்தங்கால் மாதிரி பச்சை. மேல மேல படி கட்டி ஜனம் ஒக்காந்திருக்கு. நான் நடுவுல நின்னு எறிஞ்சிக்கிட்டே இருக்கேன். கை வலிக்கவே இல்ல. யாரும் முழங்கையப் பாக்கல."

"சும்மா தூங்குங்க" என்றேன்.

"அங்கமுத்துவைப் பாக்கறப்ப எல்லாம் என்னையே பாக்கற மாதிரி இருந்துச்சு. இப்பதான் புரியுது."

"என்ன புரியுது? ஒண்ணும் புரிய வேணாம். இங்க யாரு நீங்க போட்டதப் பாத்திருக்கா? திருச்சிக்கு வந்து பாத்தது நானும் அமிர்தலிங்கம் வாத்தியாரும்தான். அவனை வெளிய நிறுத்தறதுன்னா நிறுத்துங்க, நிறுத்தலன்னா விடுங்க. ஒங்க பேர எதுக்கு நடுவுல இழுக்கறீங்க?" என்று பொரிந்து தள்ளினேன். எனக்கு அங்கமுத்துவும் முக்கியமில்லை, புஸ்தகமும் முக்கியமில்லை. இந்த மனுஷன் தெருவில் நடக்கும்போது சைக்கிளிலிருந்து ஆள் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா என்று தெரியவில்லை.

ஆட்டத்தன்று அண்டாவைக் கூண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். எப்போதும் வண்டியை ஏரிக்குள் இறக்கி, பந்து எல்லைக்கு வெளியே கருவேல மர நிழலில் நிறுத்துவோம். அன்றைக்குக் கானல் அதிகம். ஆட்கள் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் மிதந்துகொண்டிருந்தார்கள். மீன்சுருட்டிக்காரர்கள் ஆறு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அங்கமுத்து என்னிடம் வந்து அரிசி முடிச்சை நீட்டினான். ஒரு பிடி என்றால் இவன் ரெண்டு பிடி கொண்டுவந்திருந்தான்.

"அக்கா, இன்னிக்குத் திருச்சிக்காரங்க வராங்களாமே. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வரல" என்றான்.

"போயிட்டு நல்லா போடு" என்றேன். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்பை ஊதினேன்.

அம்பயர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் அமிர்தலிங்கம். முழங்கையைப் பார்க்க வசதியாக அவரைப் பக்கவாட்டில் நிறுத்தியிருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் அவர் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து என் வீட்டுக்காரரிடம் ரகசியமாகப் பேசினார்.

"என்னால சொல்ல முடியாதுங்க. அச்சு அசலா ஒங்க கை. அவன் போடறது நோ பால்னா ஒங்களுது என்ன? நான் வாயத் தொறக்க மாட்டேன்."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

பெரம்பலூர் முதலில் ஆடியது. மட்டையோடு காசிநாதன் நின்றார். அங்கமுத்து கானலுக்குள்ளிருந்து ஓடிவந்தான். அவன் ஓடிவருவது தெரிந்தது, கை காதுக்குப் பக்கத்தில் மடங்கியது தெரிந்தது, அப்புறம் நடு ஸ்டம்பு பின்னால் போய் விழுந்தது. மீன்சுருட்டி ஜனம் துண்டை வீசிக் கூத்தாடியது. அமிர்தலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காசிநாதன் நகரவில்லை. அவர் திரும்பி, குடைக்கடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

இவர் எழுந்தார். போகாதீங்க, போகாதீங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவசரம் இல்லாமல் நடந்து அமிர்தலிங்கம் நின்ற இடத்துக்குப் போனார். அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, காசிநாதனை மறுபடி ஆடச் சொன்னார். லீக் செக்ரட்டரிக்கு அந்த அதிகாரம் உண்டு. அங்கமுத்து சிரித்துக்கொண்டே திரும்ப ஓடிவந்தான். அவனுக்கு என்ன, எக்ஸ்பிரஸ் கொளஞ்சியே பக்கத்தில் வந்து நின்று பார்க்கிறார்.

"நோ பால்" என்றார் என் வீட்டுக்காரர்.

இன்னொரு பந்து. அதற்கும் நோ பால். மூன்றாவதும். அங்கமுத்து பந்தைக் கீழே வைத்துவிட்டு அவர்முன்னால் போய் நின்றான்.

"என்ன அண்ணே தப்பு? சொல்லுங்க."

"முழங்கை மடங்கி நீளுது தம்பி. இது எறி. கிரிக்கெட்டுல எறியக் கூடாது."

"நான் எப்பவும் இப்படித்தானே போடறேன். எங்கூர்ல எல்லாரும் இப்படித்தான்."

"தெரியும்" என்றார். பிறகு அவனுக்கு மட்டும் சொல்லவில்லை, கரையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "நானும் இப்படித்தான் போட்டேன். ஏழு வருஷமும் எறிஞ்சதுதான். ஒருத்தரும் சொல்லல. எனக்கும் தெரியல. நான் எடுத்த விக்கெட்டு ஒண்ணுகூட விக்கெட்டு இல்ல."

நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். ஒன்பது வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்ததை ரெண்டு நிமிஷத்தில் வெயிலில் கொட்டிவிட்டார் மனுஷன். எனக்கு வந்த கோபத்துக்கு அண்டாவைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இருபத்திரண்டு பேர் பசியோடு நிற்பார்களே என்று உட்கார்ந்திருந்தேன்.

மீன்சுருட்டிக்காரர்கள் அவர் சொன்னதை நம்பவில்லை. பெரம்பலூருக்கு ஒத்தாசை செய்கிறார், பழி வராமல் இருக்கத் தன்னையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறார் என்று கரையில் ஒரு பெரியவர் கத்தினார். எக்ஸ்பிரஸ் கொளஞ்சியாவது எறிகிறதாவது என்று இன்னொருவர். அங்கமுத்து விறுவிறுவென்று எங்கள் வண்டியை நோக்கி வந்தான். அவன் பின்னால் பத்துப் பதினைந்து பேர். கடைசியில் என் வீட்டுக்காரரும் வந்தார்.

"அக்கா" என்றான் அங்கமுத்து. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நீங்க திருச்சியில பாத்திருக்கீங்க. எங்கம்மா மேல சத்தியமா கேக்கறேன். அண்ணன் சொல்றது நெசமா? இல்ல என்னை வெளிய அனுப்பறதுக்குச் சொல்றாரா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவ்வளவு பேரும் நம்பத் தயாராக நின்றார்கள். அவர் கை நேராகத்தான் இருந்தது, உன் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறார் தம்பி, என்று சொன்னால் முடிந்துவிடும். அந்தப் பேர் அப்படியே இருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர்களுக்குப் பின்னால் இவர் கோட்டோடு வேர்த்து வடிய நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இல்லை என்று சொன்னால் அத்தனை பேர் நடுவில் இவர் பொய்யராகி நிற்பார். வாழ்க்கையிலேயே இவர் சொன்ன ரொம்பக் கஷ்டமான உண்மை அது. அமிர்தலிங்கம் வாயைத் திறக்க மாட்டார், அதற்கு மிச்சம் இருந்த சாட்சி நான் ஒருத்திதான்.

"நெசந்தான் தம்பி" என்றேன். "எறிதான். நான் என் கண்ணால பாத்தேன்."

அங்கமுத்து அப்படியே வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். அவன் ஊர்க்காரர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அழுது முடித்துவிட்டு அவன் பந்து போடாமல் களத்தில் மட்டும் நின்றான், மட்டையும் பிடித்தான். அவன் அணி தோற்றது. திருச்சியிலிருந்து வந்தவர் சோறு சாப்பிடாமலே ரயிலுக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் சாயங்காலம் வரைக்கும் நாற்காலியில் இருந்து ஆட்டத்தை முடித்துவைத்து, பெரம்பலூருக்குக் கோப்பையைக் கொடுத்தார். கை தட்டல் குறைவாகத்தான் இருந்தது.

பாயைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு வண்டியில் திரும்பினோம். எதிரே சைக்கிளில் ரெண்டு பேர் வந்தார்கள். இறங்கவில்லை. மணி அடித்துக்கொண்டு போனார்கள். இவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. எனக்குத்தான் நெஞ்சு வலித்தது.

கொஞ்ச தூரம் போனதும், "ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"முப்பத்தெட்டுல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா போட்டிருப்பீங்களா?"

யோசித்தார். மாடு ரெண்டும் தானாக நடந்துகொண்டிருந்தன.

"மாட்டேன்" என்றார்.

"அதான் சொல்லல."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அழுவாரோ என்று பயந்தேன். அழவும் இல்லை. வண்டித் தட்டில் ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வந்தார். ஊர் எல்லை வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நான் போடறப்ப பாக்க எப்படி இருந்துச்சு?" என்றார்.

கல்யாணமான இந்தப் பத்து வருஷத்தில் அவர் இதை என்னிடம் கேட்டதே இல்லை.

"அழகா இருந்துச்சுங்க" என்றேன்.